ரேஷன் கார்டு, குழுத் தவணை, 25 கரண்ட்: ஒரு நிகழ்வு ஆய்வு

2023ல் நாங்கள் துணை நின்ற ஒரு கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ச் சிகிச்சையின் பதிவு இது. சம்பந்தப்பட்ட அக்காவிடம் அனுமதி கேட்டுத்தான் எழுதுகிறேன். ஊரை அடையாளம் காட்டும் விவரங்களை விட்டுவிட்டேன். மருத்துவமனை, கடன் கொடுத்த நிறுவனம் ஆகியவற்றின் பெயர்களும் இதில் இல்லை.

நாங்கள் நான்கு பேர். ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர், கல்லூரி ஆசிரியர் ஒருவர், ஆட்டோ ஓட்டும் தம்பி ஒருவர், நான். சிகிச்சை அளிப்பது எங்கள் வேலை இல்லை. பணமும் பெரிதாகக் கிடையாது. நோயாளியோடு கூடப் போவது, வரிசையில் நிற்பது, படிவம் நிரப்புவது, மறுநாள் போன் செய்வது, அவ்வளவுதான். அமெரிக்காவில் இந்த வேலையை முறைப்படுத்தியவர் ஹெரால்ட் ஃப்ரீமன் என்ற அறுவை மருத்துவர். நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில், ஏழைக் கறுப்பினப் பெண்கள் மார்பகப் புற்றுநோய் முற்றிய பிறகே வருவதைப் பார்த்து, 1990ல் நோயாளிகளுக்கு வழித்துணையாக ஆட்களை நியமித்தார். அங்கே ஐந்தாண்டு உயிர்வாழ்வு 39 சதவீதமாக இருந்தது. இலவசப் பரிசோதனையும் வழித்துணையும் சேர்ந்த பிறகு அது 70 ஆனது. மும்பை டாடா நினைவு மருத்துவமனை 2019ல் இதற்கென்றே ஒரு படிப்பைத் தொடங்கியது. ராமனை ஆறு கடத்திவிட்ட படகோட்டியின் பெயரில் அதற்குக் கேவட் என்று பெயர் வைத்தார்கள். நம் பக்கத்தில் என்றால் குகன். குகனுக்கு ஆறு முழுக்கத் தெரியும். இந்த நிகழ்வில் எங்களுக்குப் பாதிதான் தெரிந்திருந்தது.

பின்னணி

அக்காவுக்கு அப்போது 46 வயது. ராமநாதபுரம் மாவட்டத்தின் மேற்குப் பக்கம், கண்ணுக்கெட்டியவரை சீமைக்கருவேலம் நிற்கும் ஊர். கரிமூட்டத்துக்கு விறகு வெட்டுவதும், மூட்டம் பிரித்த பிறகு கரி அள்ளுவதும் வேலை. நாளுக்கு 350 ரூபாய், அதுவும் வேலை இருக்கும் நாளில். கணவர் ஆறு வருடங்களுக்கு முன்பே வேறொரு பெண்ணோடு பக்கத்து ஒன்றியத்துக்குப் போய்விட்டார். சட்டப்படி பிரியவில்லை. வீட்டில் 68 வயது அம்மாவும் பத்தாம் வகுப்பு படிக்கும் மகளும் நான்கு ஆடுகளும் உண்டு.

மாதவிடாய் நின்ற பிறகும் ரத்தம் படுவது எட்டு மாதமாக இருந்திருக்கிறது. முதலில் சூடு என்று நினைத்து வெந்தயம், மோர். அப்புறம் மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை. நாற்றத்தோடு வெள்ளைப்படுதல் தொடங்கிய பிறகு ஆட்களோடு சேர்ந்து உட்காருவதையே நிறுத்திவிட்டார். இதை யாரிடமும் சொல்லவில்லை, தன் அம்மாவிடம்கூட.

கண்டுபிடித்தது மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் தன்னார்வலர். 2023 ஜனவரியில், அம்மாவுக்கு ரத்த அழுத்தம் பார்க்க வீட்டுக்கு வந்தவர், வாசலில் படுத்திருந்த அக்காவின் முகம் வெளுத்திருப்பதைப் பார்த்து இரண்டு கேள்வி கேட்டிருக்கிறார். அது அவர் எடுக்க வந்த கணக்கில் இல்லாத கேள்வி. அன்றைக்கு அவர் அதைக் கேட்காமல் போயிருந்தால் இந்தப் பதிவு வேறு மாதிரி இருந்திருக்கும்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் 30 வயது கடந்த பெண்களுக்குக் கர்ப்பப்பை வாயில் அசிட்டிக் அமிலம் தடவிப் பார்க்கும் சோதனை உண்டு. சமையலறை வினிகரில் இருக்கும் அதே அமிலம்தான். மாறுதல் அடைந்த இடம் வெள்ளையாகத் தெரியும். இந்த எளிய சோதனைக்கான மிகப் பெரிய சான்றுகளில் ஒன்று நம் திண்டுக்கல் மாவட்டத்தில், அம்பிளிக்கையில் கிடைத்தது. 30 முதல் 59 வயதுவரையுள்ள பெண்களுக்கு ஒரே ஒருமுறை இதைச் செய்து, தேவையானவர்களுக்குச் சிகிச்சையும் கொடுத்ததில், இந்த நோயால் வரும் இறப்பு 35 சதவீதம் குறைந்தது என்று 2007ல் முடிவு வெளியானது. அக்கா ஒருமுறைகூட அந்தச் சோதனைக்குப் போனதில்லை. முகாம் எப்போதும் வேலை நாளில், காலை பத்து மணிக்கு. அந்த நேரத்தில் அவர் காட்டுக்குள் இருப்பார்.

ஜனவரி கடைசியில் மாவட்ட அளவிலான மருத்துவமனை ஒன்றில் சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினார்கள். முடிவு பிப்ரவரி 10ல் தயார். அது மார்ச் 1 வரை, 19 நாள், அங்கேயே கிடந்தது. “ஏதாவது இருந்தா போன் பண்ணுவாங்கன்னு நெனச்சேன்” என்றார் அக்கா. போன் செய்வது யார் பொறுப்பு என்று அங்கே யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. கடைசியில் தன்னார்வலரே பேருந்து ஏறிப் போய் வாங்கி வந்தார். அவர்தான் எங்களுக்கும் போன் செய்தார்.

முதல் சந்திப்பு

மார்ச் 6, திங்கட்கிழமை. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் பேசினோம். எங்கள் நோட்டில் அன்று எழுதியது: நோய் என்ன, எந்த மருத்துவமனை, எவ்வளவு தூரம், பேருந்துச் செலவு, சாப்பாடு, கூட யார் இருப்பார்கள், காப்பீடு உண்டா. நல்ல கேள்விகள்தான். எல்லாமே மருத்துவமனையின் பக்கத்திலிருந்து கேட்ட கேள்விகள் என்பது அப்போது உறைக்கவில்லை.

அரசு மருத்துவமனையில் காப்பீட்டு அட்டை இல்லாமலேயே பார்ப்பார்கள். ஆனால் நாங்கள் விசாரித்த இடத்தில் அந்தச் சமயம் கரண்ட் வைப்பதற்கு வரிசை இரண்டு மாதம் நீண்டிருந்தது. (கதிர்வீச்சுச் சிகிச்சைக்கு எங்கள் பக்கத்து நோயாளிகள் எல்லோரும் சொல்லும் பெயர் கரண்ட் வைப்பதுதான். அப்படிச் சொன்னால் பாதிப் பேர் ஷாக் கொடுப்பார்கள் என்று பயப்படுகிறார்கள். எக்ஸ்ரே எடுப்பது மாதிரிதான், படுத்திருந்தால் போதும் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.) மதுரையில் அறக்கட்டளை நடத்தும் ஒரு மருத்துவமனையில் மூன்று வாரத்துக்குள் தொடங்கலாம் என்றார்கள். அங்கே முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீடு செல்லும். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் வருடத்துக்கு 5 லட்சம் வரை கிடைக்கும். எனவே மதுரை என்று முடிவு செய்தோம். காப்பீட்டு அட்டை மட்டும் வேண்டும்.

17 நாள்

காப்பீடு ரேஷன் கார்டை வைத்துத்தான். அக்காவின் பெயர் இருந்தது கணவர் தலைவராக இருக்கும் கார்டில். அசல் கார்டும் அவரிடமே இருந்தது.

எங்கள் யோசனை நேராகத்தான் இருந்தது. அவர் தனியாக வாழ்கிறார், அவருக்குத் தனிக் கார்டு வேண்டும். பழைய கார்டிலிருந்து பெயரை நீக்கி, அம்மா, மகளோடு புதுக் கார்டுக்கு விண்ணப்பித்து, வருமானச் சான்று வாங்கி, காப்பீட்டில் பதிவது என்று திட்டம் போட்டோம். அக்காவுக்கும் அதில் ஒரு விருப்பம் இருந்தது. “அந்தக் கார்டுல எம் பேரு இருக்குறது எனக்கே பிடிக்கல தங்கச்சி.” அது நியாயமான ஆசை. நாங்களும் ஒரு நல்ல காரியம் கூடச் சேர்ந்து நடக்கட்டும் என்று நினைத்தோம்.

இ-சேவை மையத்தில் உட்கார்ந்தபோதுதான் முட்டியது. பெயர் நீக்கத்துக்கு ஓடிபி போகும் எண் கணவருடையது. எங்கள் ஆட்டோத் தம்பி அவரைத் தேடிப் போனார். முதல் தடவை ஆள் இல்லை. இரண்டாவது தடவை, “நாளைக்குத் தர்றேன்” என்றார். மூன்றாவது தடவை, பெயரை நீக்கினால் அரிசி குறையும் என்று அந்த வீட்டில் யாரோ சொல்லியிருக்க வேண்டும், முடியாது என்றுவிட்டார். தாலுகா அலுவலகத்தில் மனு கொடுத்தோம். விசாரணைக்கு ஆள் வருவார்கள் என்றார்கள். இதற்கிடையில் ஒருநாள் அக்காவுக்கு நிறைய ரத்தம் போய், பக்கத்து ஊர் மருத்துவமனையில் பஞ்சு வைத்து அடைத்து அனுப்பினார்கள்.

மார்ச் 23ல், வேறு வழி உண்டா என்று கேட்கக் கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போனோம். அங்கிருந்த பெண் ஊழியர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “இப்ப இவங்க பேரு அந்தக் கார்டுல இருக்கா இல்லையா?”

இருக்கிறது என்றோம்.

“அப்புறம் என்ன?”

ரேஷன் கார்டில் பெயர் இருந்தால் அவர் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவர்தான். அதற்கு மேல் இந்தத் திட்டம் விசாரிப்பதில்லை. தலைவரின் கையெழுத்தும் வேண்டாம், ஓடிபியும் வேண்டாம். மகளின் பள்ளிக்கூடக் கோப்பில் கார்டின் பழைய நகல் ஒன்று இருந்தது. அதிலிருந்த எண்ணைத் தட்டியதும், குடும்பம் ஏற்கெனவே பதிவாகியிருந்தது தெரிந்தது. அக்காவின் ஆதாரைச் சரிபார்த்து அட்டையை அச்சடித்துக் கொடுத்தார்கள். 20 நிமிடம்.

அந்த ஊழியர் கடைசியாகச் சொன்னதை நான் இன்னும் மறக்கவில்லை. பெயர் நீக்கம் நடந்து, புதுக் கார்டு வர மாதக்கணக்காகியிருந்தால், அந்த இடைவெளியில் அக்காவுக்கு எந்தக் கார்டும் இருந்திருக்காது. காப்பீடும் இருந்திருக்காது. ஓடிபி தராமல் முரண்டு பிடித்த அந்த மனுஷன்தான், தனக்கே தெரியாமல், எங்கள் தப்பிலிருந்து அக்காவைக் காப்பாற்றியிருக்கிறார். இந்த 17 நாள் முழுக்க எங்கள் கணக்கில் வரவேண்டியது.

தொடங்கும் தேதி

மார்ச் 27ல் மதுரையில் பதிந்தார்கள். பரிசோதனையிலும் ஸ்கேனிலும் நோய் கர்ப்பப்பை வாயைத் தாண்டிப் பக்கத்துத் திசுவுக்குப் பரவியிருந்தது, நிலை 2பி. அறுவைச் சிகிச்சைக்கு இடமில்லை. வெளியிலிருந்து 25 கதிர்வீச்சு, வாரம் ஒருமுறை சிஸ்பிளாட்டின் கீமோ, பிறகு மூன்று முறை உள் கதிர்வீச்சு, அதாவது கர்ப்பப்பை வாய்க்குள்ளேயே கருவி வைத்துக் கொடுப்பது. முழுவதும் 56 நாளுக்குள், அதாவது எட்டு வாரத்துக்குள், முடிய வேண்டும் என்று மருத்துவர் திரும்பத் திரும்பச் சொன்னார். இடையில் விட்டால் மிச்சமிருக்கும் செல்கள் வேகமாகப் பெருகும். எட்டு வாரத்தைத் தாண்டும் ஒவ்வொரு நாளும் நோய் கட்டுப்படும் வாய்ப்பு ஏறத்தாழ ஒரு சதவீதம்வரை குறையும் என்பது நெடுநாளாகத் தெரிந்த கணக்கு.

ஹீமோகுளோபின் 7.4. ரத்தம் குறைவாக இருந்தால் கட்டிக்குப் போகும் ஆக்சிஜன் குறைந்து கதிர்வீச்சு சரியாக வேலை செய்யாது. எங்கள் கல்லூரி ஆசிரியரின் மாணவர்கள் இருவர் வந்து கொடுத்தார்கள், இரண்டு பாட்டில் ஏறியது. ஏப்ரல் 10ல் தொடங்கலாம் என்றார்கள்.

அந்த வருடம் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு ஏப்ரல் 6 முதல் 20 வரை. “பரீட்சை முடிஞ்ச மறுநாள் வந்துர்றேன். அவ எழுதி முடிக்கட்டும்” என்றார் அக்கா. இது பிடிவாதம் இல்லை. வீட்டில் சமைக்க, இரவில் கூட இருக்க வேறு யார்? மருத்துவரிடம் கேட்டோம். “தொடங்குறது பத்து நாள் தள்ளிப்போறதைவிட, தொடங்கிட்டு நடுவுல நிக்கிறதுதான் எனக்குப் பயம். ஆனா ரத்தம் படுறதைப் பாத்தா நான் தள்ளச் சொல்ல மாட்டேன்” என்றார்.

முடிவெடுத்தது மகள். நோயைப் பற்றி அந்தப் பெண்ணுக்குத் தெரியாது என்றுதான் அக்கா நினைத்திருந்தார். அந்த வீட்டில் ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான் என்பதை நாங்கள் எல்லோரும் மறந்துவிட்டோம். டெஸ்ட் ரிப்போர்ட் வந்த அன்றே படித்திருக்கிறாள். ஒரு மாதமாக யாரிடமும் பேசாமல் கணக்குப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். “நீ போம்மா. நான் மாமா வீட்டுல இருந்து எழுதிக்கிறேன், அத்தைகிட்டயும் பேசிட்டேன்.”

ஏப்ரல் 10ல் தொடங்கியது. அம்மாச்சி மதுரைக்கு வந்தார், மகள் தாய்மாமன் வீட்டுக்குப் போனாள். ஆடுகள் பக்கத்து வீட்டுக்கு.

மதுரையில்

ஊரிலிருந்து மதுரை ஏறத்தாழ 100 கிலோமீட்டர். பக்கத்து டவுன் வரை வெள்ளைப் பலகை நகரப் பேருந்து, பெண்களுக்குக் கட்டணமில்லை. அங்கிருந்து பரமக்குடி வழியாக மதுரைக்குப் புறநகர்ப் பேருந்து, முழுக் கட்டணம். தினம் போய் வருவது நடக்காது. கீமோ ஏற்றும் நாளில் மட்டும்தான் படுக்கை கிடைக்கும். மருத்துவமனை பக்கத்தில் இலவசத் தங்குமிடம் ஒன்று இருந்தது, ஆனால் இடம் கிடைக்க இரண்டு வாரம் ஆகும். முதல் மூன்று இரவு இருவரும் மருத்துவமனை வராந்தாவில் படுத்தார்கள். அப்புறம் 3,500 ரூபாய் வாடகைக்கு ஓர் அறை எடுத்து, விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்த இன்னொரு நோயாளிக் குடும்பத்தோடு பாதிப் பாதி பகிர்ந்துகொண்டார்கள்.

அந்தப் பகிர்வு எங்களுடைய எந்த ஏற்பாட்டையும்விட அதிகம் உதவியது. அந்த அம்மாவுக்கு அது நான்காவது வாரம். கரண்ட் வைப்பதற்கு முன்னால் தண்ணீர் குடித்து மூத்திரப்பை நிறைந்திருந்தால் குடல் கொஞ்சம் விலகிக்கொள்ளும் என்பதை நர்ஸ் ஒருதடவை சொன்னதோடு சரி. எந்த நேரத்தில் எத்தனை டம்ளர் என்று பழக்கிவிட்டது அந்த அம்மாதான். இடுப்பில் போட்ட மைக்கோடு அழியாமல் குளிப்பது எப்படி, வயிறு போகும் நாளில் கீரையை விட்டுத் தயிர்ச்சோறும் உப்புச் சர்க்கரைக் கரைசலும் என்பதெல்லாம் அவர் சொல்லிக் கொடுத்தவை.

ஏப்ரல் 28, வெள்ளிக்கிழமைவரை 14 கரண்ட் முடிந்திருந்தன. தமிழ்ப் புத்தாண்டு விடுமுறை ஒருநாள் தவிர எதுவும் விடுபடவில்லை. மூன்று கீமோ ஏறியிருந்தது. எங்களுக்குள் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. அடுத்த திங்கள் மே தினம், கரண்ட் கிடையாது. மூன்று நாள் ஊருக்குப் போய் மகளைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றார் அக்கா. சரி என்றோம்.

நின்றுபோன வாரம்

மே 2ல் வரவில்லை. போன் அணைந்திருந்தது. 3ந்தேதியும் வரவில்லை. வயிற்றுப்போக்கு அதிகமாகிவிட்டதோ, பயந்துவிட்டாரோ, யாராவது நாட்டு வைத்தியத்துக்குக் கூட்டிப்போய்விட்டார்களோ என்று நாங்கள் யோசித்துக்கொண்டிருந்தோம். மருத்துவமனைப் பதிவேட்டில் அவருக்கு நேராகத் ‘தொடர்ந்து வரவில்லை’ என்று எழுதினார்கள். அந்தச் சொல்லுக்குள் எத்தனை காரணம் அடங்கும் என்பதை அது சொல்வதில்லை.

4ந்தேதி எங்கள் செவிலியரும் நானும் ஊருக்குப் போனோம். வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டில் கேட்டால், “வெறகு வெட்டப் போயிருக்கு” என்றார்கள். கரண்ட் வைத்த இடுப்போடு, சித்திரை வெயிலில், கருவேலங்காட்டில்.

காரணம் குழுக் கடன். முந்தைய வருடம் மகளின் படிப்புக்கும் கூரைக்குமாக ஒரு பைனான்ஸ் நிறுவனத்தில் பத்துப் பெண்கள் சேர்ந்த குழுவில் கடன் வாங்கியிருந்தார். மாதத் தவணை 2,150 ரூபாய். ஒருவர் கட்டாவிட்டால் மற்ற ஒன்பது பேரும் போட்டுக் கட்ட வேண்டும். ஏப்ரல் தவணையை அப்படித்தான் கட்டியிருக்கிறார்கள். மே தவணைக்கு முன்னால் குழுப் பெண்கள் வந்து சத்தம் போட்டிருக்கிறார்கள். நிறுவனத்து ஆள் இரவு எட்டு மணிக்கு மேல் அம்மாச்சிக்குப் போன் போட்டிருக்கிறார். குழுவினருக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: இவள் மூன்று வாரமாக ஊரில் இல்லை, மதுரையில் இருக்கிறாள், பணம் கட்டவில்லை. நோயை அக்கா சொல்லவே இல்லையே. ‘வயித்துல கட்டி’ என்பதோடு நிறுத்தியிருந்தார். கர்ப்பப்பை வாய் என்றால் ஊர் வேறு மாதிரிப் பேசும் என்ற பயம்.

முதல் சந்திப்பில் நாங்கள் எழுதிய நோட்டை அன்று இரவு எடுத்துப் பார்த்தேன். கடன் உண்டா என்ற கேள்வியே அதில் இல்லை. பேருந்துக்கு எவ்வளவு ஆகும் என்று பைசா சுத்தமாகக் கேட்டிருந்தோம்.

எடுத்த முடிவுகள்

அந்த 2,150 ரூபாயை நாங்களே கட்டிவிடலாம் என்பது முதலில் தோன்றியது. செவிலியர் வேண்டாம் என்றார். இந்த மாதம் நாம் கட்டினால் அடுத்த மாதமும் நாம்தான், அதோடு குழுவுக்கும் அக்காவுக்கும் நடுவில் விழுந்த முடிச்சு அப்படியே இருக்கும் என்பது அவர் வாதம். அவர் சொன்னது சரி என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

யாரிடம் எவ்வளவு சொல்வது என்று அக்காவிடம் கேட்டோம். நீண்ட நேரம் பேசாமல் இருந்துவிட்டு, குழுத் தலைவியிடம் மட்டும் சொல்லலாம் என்றார். அவர் முறைக்கு மதினி. செவிலியர்தான் பேசினார், நான் வெளியே நின்றேன். உள்ளேயிருந்து மதினியின் குரல் மட்டும் கேட்டது: “இதை மொதல்லயே சொல்லியிருந்தா நாங்க என்ன வேத்தாளா? வெறகு வெட்ட விட்டுட்டோமேடி உன்னைய.” மறுநாளே எந்த நோய் என்று சொல்லாமல், பெரிய ஆபரேஷன் அளவுக்குச் சிகிச்சை நடக்கிறது என்று மட்டும் குழுவில் சொல்லி, மே மாதத் தவணையை எல்லோரும் பகிர்ந்துகொண்டார்கள்.

பிறகு நிறுவனத்தின் கிளைக்குப் போனோம். கடனில் சட்டத்துக்குப் புறம்பாக ஒன்றுமில்லை. 2022ல் வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி ஒரு குடும்பத்தின் தவணைகள் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது. இவருடையது தாண்டவில்லை. ஆனால் அதே விதி, காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் கடன் வாங்கியவரைப் போனில் அழைக்கக்கூடாது என்றும் சொல்கிறது. எட்டு மணி அழைப்பைப் பற்றிச் சொன்ன பிறகு கிளை மேலாளரின் பேச்சு மாறியது. சிகிச்சைச் சான்றின் நகலைக் கொடுத்தோம். ஜூன், ஜூலை, ஆகஸ்ட் தவணைகளைக் கடனின் கடைசிக்குத் தள்ளித் தந்தார்கள், வட்டி உண்டு. அந்தக் கடனுக்கு ஒரு காப்பீடும் இருந்தது. அக்கா இறந்தால் கடன் தீரும், பிழைத்துக் கிடந்தால் தீராது. மேலாளர் அதைச் சொன்னபோது அவருக்கே சங்கடமாக இருந்தது.

மே 7, ஞாயிறு மாலை அக்கா மதுரை திரும்பினார். அழகர் இன்னும் மலைக்குப் போய்ச் சேரவில்லை. கூட்டத்தில் ஆட்டோ கிடைக்காமல் மாட்டுத்தாவணியிலிருந்து பாதித் தூரம் நடந்தோம்.

மீதிச் சிகிச்சை

விட்டது மூன்று கரண்ட். 5ந்தேதி அழகர் ஆற்றில் இறங்கும் நாள், உள்ளூர் விடுமுறை, அது எப்படியும் நடந்திருக்காது. 10, 11 தேதிகளில் இயந்திரம் பழுதாகி இன்னும் இரண்டு போயிற்று. 25வது கரண்ட் மே 24ல் முடிந்தது. ரத்த அணுக்கள் குறைந்ததால் கீமோ ஐந்துக்குப் பதில் நான்கோடு நிறுத்தினார்கள்.

உள் கதிர்வீச்சை வழக்கம்போல் வாரம் ஒன்று என்று வைத்தால் எட்டு வாரம் நன்றாகவே தாண்டிவிடும். எனவே மருத்துவர் அதை நெருக்கி மே 29, ஜூன் 2, ஜூன் 6 என்று வைத்தார். மொத்தம் 58 நாள். இரண்டு நாள் அதிகம். உள் கதிர்வீச்சு அக்காவுக்கு மிகக் கடினமாக இருந்தது. வலியைவிட, அந்த நிலையில் அசையாமல் படுத்திருப்பது. முதல் தடவை முடிந்து வெளியே வந்தவர் யாரோடும் பேசவில்லை. இதற்கு அவரை நாங்கள் தயார் செய்திருக்கவில்லை. வெளிக் கரண்ட் மாதிரிதான் இருக்கும் என்ற நினைப்பில் விட்டுவிட்டோம்.

இடையில் மே 19ல் பத்தாம் வகுப்பு முடிவு வந்தது. மகள் தேறிவிட்டாள். கணக்கில் எதிர்பார்த்ததைவிடக் குறைவு. அந்தத் தேர்வு நடந்த அன்று அம்மாவுக்குக் கீமோ.

மருத்துவமனைக் கட்டணம் முழுக்கக் காப்பீட்டில் போயிற்று. அது போக ஆன செலவு: இரண்டு மாத அறை வாடகையில் பாதி 3,500, இருவருக்குச் சாப்பாடு 6,600, பேருந்தும் ஆட்டோவும் 4,100, வெளியில் வாங்கிய மருந்தும் நாப்கினும் 1,900. ஆக 16,100 ரூபாய். இதில் நாங்கள் திரட்டியது 11,000, மீதி தாய்மாமன். நான்கு மாதம் கூலி இல்லாமல் போனதை இந்தக் கணக்கில் எப்படி எழுதுவது என்று எங்களுக்குத் தெரியவில்லை, எழுதவில்லை.

என்ன மாற்றினோம்

சிகிச்சை முடியும்வரை நோயாளியின் பெயர் எந்தக் கார்டில் இருக்கிறதோ அதில் கை வைப்பதில்லை. அது பிடிக்காத கார்டாக இருந்தாலும் சரி. படிவம் நிரப்புவதற்கு முன்னால் கலெக்டர் ஆபீஸ் காப்பீட்டு மையத்தில் ஒருமுறை கேட்டுவிடுகிறோம்.

முதல் சந்திப்பின் கேள்விகள் மாறிவிட்டன. தவணை எந்தத் தேதி, யாரோடு சேர்ந்த குழு, ஓடிபி யார் போனுக்கு வரும், வீட்டில் பரீட்சை எழுதுவது யார், ஆங்கிலம் படிப்பது யார், யாருக்குச் சொல்லியாயிற்று, யாருக்குச் சொல்லக்கூடாது. கடைசிக் கேள்வி முக்கியம். ரகசியத்தைக் காப்பது அவர் உரிமை, ஆனால் அதற்கு என்ன விலை கொடுக்க வேண்டிவரும் என்பதையும் முதல் நாளே சேர்ந்து பேசிவிட வேண்டும். காலண்டரை முன்னால் வைத்து விடுமுறைகளைக் குறிக்கிறோம். ஏப்ரல், மே மாதத்தில் மதுரையில் சிகிச்சை என்றால் சித்திரைத் திருவிழாவையும் சேர்த்து. மூன்று நாள் இடைவெளி வரும் இடத்தில், ஊருக்குப் போனால் அங்கே யார் காத்திருப்பார்கள் என்று கேட்கிறோம். உள் கதிர்வீச்சுக்கு முன்னால், அதைக் கடந்து வந்த ஒரு பெண்ணைக் கூட்டி வந்து பேச வைக்கிறோம். விருதுநகர்ப் பக்கத்து அம்மா இதுவரை மூன்று முறை வந்திருக்கிறார்.

மாற்ற முடியாதது அந்த 19 நாள். டெஸ்ட் முடிவு கேட்பாரற்றுக் கிடப்பது இன்னும் நடக்கிறது. எங்களுக்குத் தகவல் வரும் நோயாளிகளுக்கு நாங்களே தேதி வைத்து விசாரிக்கிறோம். தகவல் வராதவர்களுக்கு ஒன்றும் செய்ய முடியவில்லை.

அதன் பிறகு

2023 செப்டம்பர் பரிசோதனையில் நோய் தெரியவில்லை. அதன் பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை போய் வருகிறார். ஒரு தடவைகூட விடவில்லை. மலம் கழிப்பதில் தொந்தரவு இருக்கிறது, இடுப்பு வலி இருக்கிறது. கரிமூட்ட வேலைக்கு இனி போக முடியாது. ஆடுகள் ஒன்பது ஆகியிருக்கின்றன. கடன் தவணை மறுபடி ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டு மாதம் மதினி கட்டினார்.

சிகிச்சை முடிந்ததும் தனிக் கார்டு போட்டுத் தருகிறோம் என்று சொல்லியிருந்தோம். அந்தச் சமயம் மகளிர் உரிமைத் தொகை வந்தது. 2023 செப்டம்பர் 15 முதல் மாதம் 1,000 ரூபாய். குடும்பத் தலைவர் ஆணாக இருந்தால் கார்டில் உள்ள அவர் மனைவியே குடும்பத் தலைவியாகக் கருதப்படுவார் என்பது அதன் விதி. அந்தக் கார்டில் மனைவி என்று இருப்பது அக்காவின் பெயர்தான். விண்ணப்பித்தார், கிடைத்தது. அவருடைய கணக்குக்கே வருகிறது.

பெயரை நீக்கும் மனுவை எப்போது போடலாம் என்று போன மாதம் கேட்டேன்.

“இருக்கட்டும் தங்கச்சி, இப்ப என்ன அவசரம்” என்றார்.